கேட்டவுடன் எடுக்க: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபைல்களை அடுக்குவது எப்படி?

வீட்டுக் கடனுக்கு வங்கி கொடுக்கும் பட்டியல் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கும். மூன்று வருட ஐடிஆர் (வருமான வரித் தாக்கல்), ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), வங்கி ஸ்டேட்மென்ட், தாய்ப்பத்திரம், வில்லங்கம், வீட்டு வரி ரசீது. எங்கள் வீட்டில் எல்லாமே கம்ப்யூட்டரில் இருந்தன. எந்த மூலையில் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அந்த அலைச்சலுக்குப் பிறகு இரண்டு கம்ப்யூட்டர், பழைய போன்கள், டிராயரில் கிடந்த பென்டிரைவ்கள் எல்லாவற்றையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரை மனதில் வைத்து எழுதியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பதையெல்லாம் அடுக்க உட்காராதீர்கள். பத்து வருடச் சேர்மானத்தை அடுக்கத் தொடங்கினால் இரண்டாவது நாளே கல்யாண போட்டோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். யாராவது ஒருநாள் கேட்கப்போகிற ஃபைல்களை மட்டும் அடுக்குங்கள். மற்றவை தேடினால் கிடைத்தால் போதும்.

1. கை வைப்பதற்கு முன் ஒரு முழு நகல்

இடம் மாற்றும்போதுதான் ஃபைல்கள் தொலையும். ஆகவே முதல் செலவு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். 1 டிபிக்கு ஐந்தாயிரம் ரூபாயாவது எடுத்து வையுங்கள். விலை அடிக்கடி ஆடுகிறது. வாங்குகிற அன்று ஆன்லைன் விலையைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள். அது இல்லாவிட்டால் வாரன்டிக்கு இழுத்தடிப்பார்கள்.

அங்கே ஒரு பொறி உண்டு. ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு '2 டிபி பென்டிரைவ்' கிடைக்கும். நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடைப் பையன் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, 2 டிபின்னுதான் காட்டும். 32 ஜிபிக்கு மேல போட்டா எல்லாம் காத்துல போயிடும்." அவன் சொன்னது உண்மை. டிரைவின் உள்ளே இருக்கும் சிப் கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். நீங்கள் போட்ட ஃபைலின் பெயர் தெரியும், திறந்தால் திறக்காது. எந்த டிரைவ் வாங்கினாலும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓட்டி உண்மைக் கொள்ளளவைப் பார்த்த பிறகு நம்புங்கள்.

நேரக் கணக்கு: யுஎஸ்பி 3 போர்ட்டில் (பெரும்பாலும் உள்ளே நீல நிறம்) 500 ஜிபி நகலாக ஒன்றரை மணி நேரம் ஆகும். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிவிட்டால் அதே வேலைக்கு நாலைந்து மணி நேரம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன போட்டோக்கள் இருந்தால் இன்னும் இழுக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்; லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகாதபடி மாற்றிவிட்டு.

நகல் எடுக்கும்முன் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவைப் பாருங்கள். புதுக் கம்ப்யூட்டர்களில் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் நமக்குத் தெரியாமலேயே ஒன்ட்ரைவுக்குள் போயிருக்கும். ஃபைல் பக்கத்தில் நீல மேகம் போட்டிருந்தால் அந்த ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கிறது. ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, பச்சை டிக் வரும்வரை காத்திருந்து நகல் எடுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான். அது நிறைந்துவிட்டதென்று கம்ப்யூட்டரில் அழித்தால் மேகத்திலும் சேர்ந்தே அழியும்.

2. குப்பை

ஒரு சாயங்காலத்துக்கு மேல் இதற்குக் கொடுக்காதீர்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள். மேலே வருபவை பெரும்பாலும் மென்பொருள் இன்ஸ்டாலர்கள், சினிமா, யாரோ அனுப்பிய வீடியோ. அவற்றை அழித்தாலே பாதி இடம் காலி. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எது எவ்வளவு அடைத்திருக்கிறது என்று விண்டோஸே காட்டும். சின்னச் சின்ன ஃபைல்களை உட்கார்ந்து பொறுக்க வேண்டாம், ஆயிரம் பிடிஎஃப் சேர்ந்தாலும் ஒரு சினிமாவின் அளவு வராது.

கம்ப்யூட்டரில் அழித்தது ரீசைக்கிள் பின்னில் இருக்கும். பென்டிரைவில் அழித்தது அப்படியே போய்விடும், திரும்ப எடுக்க வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. 'யார் கேட்பார்கள்?' என்பதுதான் ஃபோல்டர்

பலரும் வேர்ட், பிடிஎஃப், எக்செல் என்று ஃபைல் வகைப்படி பிரிக்கிறார்கள். அது எதற்கும் உதவாது. எந்த அலுவலகமும் "ஒரு பிடிஎஃப் கொடுங்கள்" என்று கேட்பதில்லை. பள்ளி பிள்ளையின் சான்றிதழ்களைக் கேட்கும். வங்கி வீட்டின் ஆவணங்களைக் கேட்கும். ஆடிட்டர் ஒரு வருடத்தின் கணக்கைக் கேட்பார். அப்படியே பிரியுங்கள்:

01 ஆட்கள்
02 சொத்து
03 வருமான வரி
04 வங்கி, இன்சூரன்ஸ்
05 வண்டி, பொருட்கள் (பில், வாரன்டி)
99 பழசு

முன்னால் எண் போட்டால் வரிசை மாறாது. இப்போது கம்ப்யூட்டரில் இருக்கிற உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும், யோசிக்காமல், '99 பழசு'க்குள் தள்ளிவிடுங்கள். தேவைப்படும்போது அங்கிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரட்டும். டெஸ்க்டாப் அன்றே காலியாகிவிடும். அந்தச் சந்தோஷம் மீதி வேலையைச் செய்ய வைக்கும்.

'ஆட்கள்' உள்ளே ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் ஒரு ஃபோல்டர். 'அப்பா', 'அம்மா' என்று வைக்காதீர்கள். கணவன், மனைவி இருவரும் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் வீட்டில் அப்பா இரண்டு பேர், பிள்ளைகள் வளர்ந்தால் மூன்று பேர். ஆதார், பான், பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, மார்க்‌ஷீட் எல்லாம் அந்த ஆளோடு இருக்கட்டும்.

'சொத்து' உள்ளே சொத்து வாரியாகப் பிரியுங்கள்: வேளச்சேரி ஃப்ளாட், ஊர் நிலம் என்று. வரி ரசீது எல்லாம் ஒரு ஃபோல்டர், பத்திரம் எல்லாம் இன்னொரு ஃபோல்டர் என்று வைத்தால், விற்கும் நாளில் நாலு இடத்தில் பொறுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு சொத்துக்குள்ளும் தாய்ப்பத்திரம், கிரயப்பத்திரம், பட்டா, வில்லங்கம், வீட்டு வரி, குடிநீர் வாரியம், ஈபி. ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் இருந்தால் சர்வீஸ் நம்பரின் கடைசி நாலு எண்களை ஃபைல் பெயரில் சேர்த்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில் இரண்டு வருடத்தில் குழம்பிவிடும்.

'வருமான வரி'யில் ஒரு பெரிய பொறி. ஃபார்ம் 16-க்கு 2023-24 என்று ஃபோல்டர் வைப்பீர்கள். அந்த வருமானத்துக்கு நீங்கள் தாக்கல் செய்த ஐடிஆர் ரசீதில் 2024-25 என்று இருக்கும். முன்னது நிதியாண்டு, பின்னது மதிப்பீட்டு ஆண்டு. இரண்டையும் கலந்துவிட்டால் ஒரு வருடத் தாள் பக்கத்து வருட ஃபோல்டரில் போய் உட்காரும். எல்லாவற்றையும் நிதியாண்டிலேயே வையுங்கள்; ஃபோல்டர் பெயரிலேயே 'நிஆ 2023-24' என்று எழுதிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அமலான புதிய வருமான வரிச் சட்டத்தில் 'வரி ஆண்டு' என்று ஒன்றுதான் உண்டு. ஆனால் பழைய தாள்களில் இந்தக் குழப்பம் அப்படியேதான் இருக்கும்.

இரண்டு அடுக்கு, மிஞ்சினால் மூன்று அடுக்கு. அதற்குமேல் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வேண்டாம். விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் நகல் எடுக்கும்போது பல இடங்களில் தகராறு வரும். தமிழில் பெயர் வைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: 'வீட்டு' நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் கொம்பு, புள்ளி, சுழி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். அதற்கு அது ஆறு.

4. பெயர் வைப்பது

முழு வேலையில் அதிகப் பலன் தருவது இதுதான். ஃபோல்டர் தப்பாகப் போனாலும் பெயர் சரியாக இருந்தால் தேடி எடுத்துவிடலாம். தேதி, என்ன தாள், யாருடையது அல்லது எதற்கானது. இந்த வரிசையில்:

2025-04-11 வீட்டு வரி ரசீது வேளச்சேரி
2025-06-10 ஃபார்ம் 16 நிஆ 2024-25

வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள். நாம் வழக்கமாக எழுதுவதுபோல் நாளை முன்னால் வைத்தால் எல்லா வருடத்தின் 1-ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். மாதம் 4 அல்ல, 04. அது தாளில் இருக்கும் தேதியாக இருக்க வேண்டும், நீங்கள் டவுன்லோட் செய்த தேதி அல்ல. வில்லங்கச் சான்றுக்கு மட்டும் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்பதையும் சேர்த்துவிடுங்கள். வங்கியில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

தேதியில் சாய்கோடு போட முடியாது. / : * ? போன்ற குறிகளை விண்டோஸ் ஏற்பதில்லை.

தமிழிலா, ஆங்கிலத்திலா? தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதுதான் மோசமான வழி. வீட்டு வரியை நீங்கள் ஒரு மாதிரி எழுதுவீர்கள், உங்கள் மனைவி இன்னொரு மாதிரி எழுதுவார், தேடினால் பாதிதான் வரும். தமிழ் எழுத்தில் எழுதினால் எல்லாருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். ஆனால் சில அரசு, வங்கி இணையதளங்கள் தமிழ்ப் பெயரையும் இடைவெளியையும் ஏற்காமல் துப்பிவிடும். அதற்கு ஒவ்வொரு ஆளின் ஃபோல்டரிலும் 'அப்லோடு' என்று ஒன்று வைத்து, அதில் ஆங்கிலப் பெயரோடு, அளவு குறைத்த நகல்களைத் தயாராக வைத்திருங்கள். போட்டோ 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள் என்று கேட்கும் விண்ணப்பங்கள் உண்டு. கடைசி நாள் ராத்திரி சர்வர் திணறிக்கொண்டிருக்கும்போது போட்டோவைச் சுருக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

வேகத்துக்கு: எஃப்2 அழுத்தினால் பெயர் மாற்றலாம், மாற்றி முடித்ததும் டேப் அழுத்தினால் அடுத்த ஃபைலுக்குத் தாவும். மொத்தமாக மாற்ற மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸில் பவர்ரீனேம் இருக்கிறது. தேடுவதற்கு விண்டோஸின் சொந்தத் தேடலைவிட எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருள் பல மடங்கு வேகம். பெயரை அடிக்க அடிக்கவே பட்டியல் வந்துவிடும்.

கூடவே வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள். 'பில்.பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக இருக்கலாம். அது பில் அல்ல, வைரஸ்.

5. காகிதத்தை உள்ளே கொண்டுவருவது

ஏ4 தாள்களுக்கு ஸ்கேனர் வாங்க வேண்டியதில்லை. கூகுள் டிரைவ் ஆப்பிலேயே கேமரா பட்டனை அழுத்தினால் ஓரம் வெட்டி, நிழல் நீக்கி பிடிஎஃப் ஆக்கிவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள், டியூப்லைட் அடியில் நின்றால் உங்கள் தலை நிழல் விழும். பத்திரங்களுக்கு மட்டும் 300 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்யும் ஜெராக்ஸ் கடைக்குப் போகலாம். ரேட்டை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கத்து சீல்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் முன்பக்கம் மட்டும்தான் எடுப்பார்கள்.

கடைக்குக் கொண்டுபோகும் பென்டிரைவ் காலியாக இருக்கட்டும். பல பேரின் டிரைவ் ஏறி இறங்கும் கம்ப்யூட்டர் அது. வீட்டுக்கு வந்ததும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் கிளிக் செய்யாதீர்கள். வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை ஒளித்துவைத்திருக்கிறது. வைரஸ் ஸ்கேன் செய்துவிட்டு, வியூவில் ஹிடன் ஐட்டம்ஸ் ஆன் செய்து பாருங்கள். கிளம்பும்முன் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் உங்கள் ஆதார், பத்திர நகல்களை அழிக்கச் சொல்லி, அழித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். இதற்குச் சங்கடப்பட வேண்டாம்.

டவுன்லோட் செய்த இ-ஆதாருக்குப் பாஸ்வேர்ட் இருக்கும்: ஆங்கிலத்தில் பெயரின் முதல் நாலு எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். பூட்டிய ஃபைலை அப்படியே அனுப்பினால் எதிரில் இருப்பவருக்குத் திறக்காது, விண்ணப்பம் தூங்கும். குரோமில் திறந்து, பிரின்ட் கொடுத்து, 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' செய்தால் பூட்டில்லாத நகல் கிடைக்கும். அந்த நகலில் டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போகும் என்பதால் மூலத்தை அழிக்காதீர்கள். லாட்ஜ் போன்ற இடங்களுக்கு, கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைத் தனியாக டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. பழைய தமிழ் ஃபைல்கள்

அப்பா காலத்து உயில் வரைவு, சங்கக் கடிதங்கள், கல்யாணப் பத்திரிகை வடிவங்கள் என்று பாமினி, டேப், டேம், ஸ்ரீலிபி எழுத்துருக்களில் அடித்த வேர்ட் ஃபைல்கள் பல வீடுகளில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த கிறுக்கலாகத் தெரியும். குப்பை என்று நினைத்து அழிக்காதீர்கள். என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகளில் எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும் யூனிகோடுக்கு மாறிவிடும். மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள். நடுவே இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத் தமிழாக்கி உளறியிருக்கும்.

7. போட்டோ, வேண்டுமானால்

கடைசி வேலை. வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், விசேஷம் நடந்த நாளுக்கு மட்டும் உள்ளே ஒன்று. அதற்குமேல் பிரிக்க எனக்குப் பொறுமையில்லை, தேவையும் வரவில்லை.

போனில் எடுத்த போட்டோவுக்குள்ளேயே எடுத்த தேதி இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக வந்ததில் அது இருக்காது. பெயரில் இருப்பதும் வந்த தேதிதான். பேரனின் பிறந்தநாள் போட்டோவை மாமா மூன்று மாதம் கழித்து அனுப்பினால் அது மூன்று மாதம் தள்ளித்தான் நிற்கும். முக்கியமான போட்டோவை டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், தேதியும் தரமும் அப்படியே வரும். ஒரே போட்டோவின் பல நகல்களைக் களைய டூப்குரு என்ற இலவச மென்பொருள் உண்டு. அது காட்டியதையெல்லாம் மொத்தமாக அழிக்காமல் பெரிய அளவில் இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாண டிவிடி அலமாரியில் இருந்தால் அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தட்டில் பூஞ்சை பிடிக்கும், புது லேப்டாப்களில் டிவிடி டிரைவும் கிடையாது. யாரிடமாவது இரவல் வாங்கியாவது நகல் எடுத்துவிடுங்கள்.

8. இன்னொரு வீட்டில் ஒரு நகல்

கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேஜையில் இருந்தால் அது பேக்கப் ஆகாது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளில் இரண்டும் சேர்ந்தே நனைந்தன. வேறு பேட்டையில், மாடி வீட்டில் இருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ ஒரு டிஸ்க்கைக் கொடுத்து வையுங்கள். 01 முதல் 05 வரை உள்ள ஃபோல்டர்கள் சில ஜிபிக்கு மேல் போகாது. அவற்றை கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியிலும் ஏற்றிவிடலாம். ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் அதே 15 ஜிபியைத்தான் பங்கு போடுகின்றன, போட்டோவை அங்கே கொட்டாதீர்கள். கட்டணத்தில் 100 ஜிபி மாதம் 130 ரூபாய் அளவில் கிடைக்கும்.

எப்போது புதுப்பிப்பது? சென்னை மாநகராட்சி வீட்டு வரி அரையாண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும், அரையாண்டு தொடங்கிய முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். அந்த ரசீதைச் சேமிக்கும் நாளையே பேக்கப் நாளாக வைத்திருக்கிறேன். அக்டோபர் நகல் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்கு முன் முடிந்துவிடுகிறது. டிஸ்க்கில் போட்ட பிறகு நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள், பெயர் தெரிவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

9. பழைய கம்ப்யூட்டரை விற்பதாக இருந்தால்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து பலர் பழையதைக் கைமாற்றுகிறார்கள். ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் போதாது. அதை மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, அதன்பின் வரும் திரைகளில் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே 'கிளீன் டேட்டா'வை ஆன் செய்யுங்கள். சில மணி நேரம் ஓடும், சார்ஜரைச் செருகி வையுங்கள். அதற்கும் மனசு கேட்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள். எக்ஸ்சேஞ்சில் சில நூறு ரூபாய் குறைப்பார்கள், குறைத்துக்கொள்ளட்டும்.